பழைய ரிவால்வருக்கு எந்தப் பூச்சு?

ஹூஸ்டனில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் இறந்து சில மாதங்கள் கழித்து, அவர் மனைவி என்னைக் கூப்பிட்டு ஒரு தோல் உறையைக் கையில் கொடுத்தார். "அவரோடு துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போய்வந்தது நீங்கள்தான், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். உள்ளே இருந்தது ஸ்மித் அண்ட் வெசன் மாடல் 10. 1899-இல் 'மிலிட்டரி அண்ட் போலீஸ்' என்ற பெயரில் வந்து, 1957-இல் 10 என்ற எண்ணைப் பெற்ற ரிவால்வர். அமெரிக்கப் போலீஸ்காரர்கள் பல தலைமுறை இடுப்பில் கட்டியது.

உறையிலிருந்து உருவியதும் மனசு கஷ்டமாகிவிட்டது. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பதனிடும் உப்பும் அதில் இருக்கும். மெக்சிகோ வளைகுடாப் பக்கத்து ஈரக்காற்றில் வருஷக்கணக்காக அலமாரியில் கிடந்ததால், தோல் பட்ட பக்கமெல்லாம் செந்துரு. 0000 என்ற மிக மெல்லிய ஸ்டீல் உல்லில் (இரும்பு நார்) எண்ணெய் தொட்டு மெதுவாகத் தேய்த்தேன். துரு போய்விட்டது. அடியில் கடுகைவிடச் சின்னக் குழிகள், பேரலின் (குழலின்) இடப்பக்கம் முழுக்க.

முதலில் நானே சரிசெய்யப் பார்த்தேன். சூடாக்காமலே இரும்பைக் கருப்பாக்கும் கோல்டு ப்ளூ என்ற திரவத்தைச் சின்ன பாட்டிலில் வாங்கிப் பஞ்சில் தொட்டுத் தடவினேன். எண்ணெய்ப் பசையைச் சரியாக எடுக்காமல் தடவியதால் ஓரிடம் கருப்பு, ஓரிடம் பழுப்பு என்று திட்டுத்திட்டாக வந்தது. 10 நாளில் என் விரல் பட்ட இடங்களில் மறுபடி துரு. என் கைக்கு வியர்வை அதிகம். பூச்சைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது.

அப்புறம் உரிமம் உள்ள ஒரு கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) கொண்டுபோனேன். கடையில் விட்டுவிட்டு வருவதென்றால் சீரியல் எண்ணோடு பதிவேட்டில் ஏற்ற வேண்டும். முதல் வேலையாக அதைச் செய்தார். கண்ணாடி போல் மின்னும் கருநீல ப்ளூயிங்தான் வேண்டும் என்றேன். அவர் பதில் சொல்லாமல் வேறொரு ரிவால்வரை எடுத்து விளக்கடியில் காட்டினார். முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. "திருகுகளைப் பாருங்கள்" என்றார். திருகுத் துளைகளைச் சுற்றி இரும்பு கிண்ணம் போலக் குழிந்திருந்தது. பேரலில் இருந்த எழுத்துகள் பாதி மங்கிவிட்டன. விளிம்புகள் தேய்ந்த சோப்புக்கட்டி மாதிரி மழுங்கியிருந்தன. யாரோ பாலிஷ் சக்கரத்தில் வைத்துக் குழிகளைத் தேய்த்து எடுத்ததன் விளைவு. எந்தப் பூச்சும் குழியை மூடாது. குழியை எடுக்க வேண்டுமானால் சுற்றியுள்ள இரும்பையும் எடுத்தாக வேண்டும். எனக்கு அந்த ஆசை அங்கேயே விட்டுப்போனது.

ஹாட் ப்ளூயிங்கில் காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த கரைசலைச் சுமார் 140 டிகிரி செல்சியஸுக்குக் காய்ச்சி இரும்பை முக்குவார்கள். மேல்தோல் கருப்பு ஆக்சைடாக மாறும். அழகுதான், ஆனால் துருவைத் தடுப்பது பெரும்பாலும் அதன்மேல் இருக்கும் எண்ணெய். பார்க்கரைசிங் எனக்குப் பிடித்தது. மாங்கனீஸ் பாஸ்பேட் சொரசொரப்பாகப் படிந்து, பழகிய தோசைக்கல் போல எண்ணெயைக் குடித்து வைத்துக்கொள்ளும். இரண்டாம் உலகப்போர்க் காலத்து அமெரிக்க ராணுவத் துப்பாக்கிகளில் பார்க்கும் அந்தச் சாம்பல் நிறம் இதுதான். ஆனால் இதற்கும் எண்ணெய் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குரோமிய முலாமான ஹார்ட் குரோம் இவற்றையெல்லாம்விடக் கெட்டி. அதில் துப்பாக்கி வெள்ளி நிறமாகிவிடும். பெரியவருடைய கருப்புத் துப்பாக்கியை அப்படி மாற்ற எனக்கு மனம் வரவில்லை. இரும்பின் மேல்தோலில் நைட்ரஜனை ஏற்றும், உப்புக் குளியலில் செய்யும் நைட்ரைடிங்குக்கு 500 டிகிரிக்கு மேல் சூடு தேவை. பதம் ஏற்றிய பழைய இரும்பை அந்தச் சூட்டுக்குள் விட மாட்டேன் என்று கன்ஸ்மித்தே மறுத்துவிட்டார்.

கடைசியில் செராகோட், மங்கலான கருப்பு. பீங்கான் துகள் கலந்த பூச்சு இது; ஸ்ப்ரே கன்னால் பெயிண்ட் அடிப்பதுபோல் தெளித்து, 120 டிகிரியில் 2 மணி நேரம் அடுப்பில் வைத்தால் இறுகிவிடும். கனம் சுமார் 25 மைக்ரான். ரிவால்வரில் அதுவே அதிகம். தோட்டாக்களோடு சுழலும் சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவில் உள்ள இடைவெளியே 0.15 மில்லிமீட்டர் அளவுதான். அதனால் குழலின் உட்புறம், தோட்டா அறைகள், சிலிண்டரின் முன்முகம் எல்லாவற்றையும் மறைத்துவிட்டுத்தான் அடித்தார். ஹேமரும் (தோட்டாவை அடிக்கும் சுத்தியல்) டிரிகரும் (விசை) அவற்றின் பழைய வண்ணத்தோடே இருக்கட்டும் என்று தனியே எடுத்து வைத்தார்.

அலுமினியம் ஆக்சைடு மணலை ஊதிப் பழைய பூச்சை எடுத்தார்கள். பிடியின் அடியில் உள்ள சீரியல் எண் மங்காதபடி அங்கே மட்டும் லேசாக. அந்த எண்ணை அழிப்பது அமெரிக்கச் சட்டத்தில் குற்றம். பிறகு கையுறை இல்லாமல் யாரும் தொடவில்லை. பூச்சுக்கு முன்பு வெறும் இரும்பை அடுப்பில் வைத்தபோது, பேரல் ஃப்ரேமில் (உடற்சட்டம்) திருகி இறங்கும் இடத்திலிருந்து ஒரு துளி பழைய எண்ணெய் கசிந்து வந்தது. கழுவி மறுபடி வைத்தார், மறுபடி கசிந்தது. மூன்றாவது தடவைதான் உலர்ந்து வந்தது. சின்ன வயதில் ஈயம் பூசுகிறவர் எங்கள் வீட்டு அண்டாவுக்குள் மணலைப் போட்டு, காலால் திருகித் திருகித் தேய்த்தது ஞாபகம் வந்தது. ஈயம் பூசக் கொஞ்ச நேரம்தான் ஆகும், தேய்க்கத்தான் அவருக்கு நாளில் பாதி போகும். அந்த முதல் துளியோடு பூச்சு அடித்திருந்தால் அங்கேதான் முதலில் உரிந்திருக்கும்.

இதையும் சொல்லிவிடுகிறேன்: அபூர்வமான பழைய துப்பாக்கியாக இருந்தால் பூச்சைத் தொடாதீர்கள். தேய்ந்த அசல் பூச்சுக்குத்தான் சேகரிப்பவர்களிடம் விலை. மாடல் 10, லட்சக்கணக்கில் வந்த துப்பாக்கி, அதுவும் இது குழி விழுந்தது, அதனால்தான் துணிந்தேன்.

இப்போது 8 மாதம் ஆகிறது. சிலிண்டரைச் சுற்றி அதன் பூட்டு உரசும் கோடு ரேஞ்சில் இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. எந்தப் பூச்சானாலும் ரிவால்வரில் அது விழும். வியர்வைக் கையோடு ஒரு கோடைக்காலம் முழுக்கச் சுட்டும் துரு இல்லை. தோல் உறையில் வைப்பதில்லை. பெட்டகத்தில் ஈரம் எடுக்கும் கம்பிக்குப் பக்கத்தில் வைக்கிறேன்.

வேலை முடிந்ததும் தோட்டா இல்லாமல் சிலிண்டரைத் திறந்து பெரியவரின் மனைவியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். புதுக் கருப்பை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் மரப்பிடியைத் திருப்பி, கணவரின் உள்ளங்கை பட்டுப்பட்டுக் கருத்த இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டார். அந்த மரத்துக்கு மட்டும் நான் எதுவும் செய்திருக்கவில்லை.