மதமதப்பு

ஆகஸ்ட் 4, திங்கள்

இறுதியாண்டு மாணவர்களில் புதுத் தொகுதி இன்று வாய் அறுவைப் பிரிவுக்கு வந்தது. எட்டுப் பேர். வந்து நின்றதும் ஒருவன் கேட்டான்: "மேம், கோட்டா எவ்வளவு?" எத்தனை பல் பிடுங்கினால் ரெக்கார்டில் கையெழுத்து கிடைக்கும் என்று அர்த்தம். இன்று யாரும் ஃபோர்செப்ஸை, அதாவது பல் பிடுங்கும் குறடை, தொடப்போவதில்லை என்றேன். எட்டு முகமும் வாடிப்போனது.

காய்ந்த கீழ்த்தாடை எலும்பு ஒன்றை மேசையில் வைத்தேன். கடைவாய்ப் பற்களைத் தாண்டிக் கட்டைவிரலைப் பின்னால் கொண்டுபோனால், தாடையின் முன்விளிம்பில் ஒரு பள்ளம் தட்டுப்படும். அதுதான் கரோனாய்டு நாட்ச். கீழ்ப்பற்களை மரத்துப்போக வைக்கும் ஊசி எந்த உயரத்தில் இறங்க வேண்டும் என்பதை அந்தப் பள்ளம் சொல்லிவிடும். சிரிஞ்ச் எதிர்ப்பக்க முன்கடைவாய்ப் பற்களின் மேலாக வர வேண்டும். 20, 25 மி.மீ. போனதும் எலும்பில் முட்டும். லேசாகப் பின்னிழுத்து, ரத்தம் வருகிறதா பார்த்து, அப்புறம்தான் மருந்து. முட்டவே இல்லையா? செலுத்தாதே. பின்னால் பரோட்டிட் என்ற உமிழ்நீர்ச் சுரப்பி இருக்கிறது, அதற்குள் முகத்தசைகளை அசைக்கும் முகநரம்பு. மருந்து அங்கே போனால் அந்த ஆள் சில மணி நேரத்துக்கு ஒரு கண்ணை மூட முடியாமல் உட்கார்ந்திருப்பார்.

பிறகு கையுறை மாட்டிக்கொண்டு ஒருவர் வாயில் ஒருவர் அந்தப் பள்ளத்தைத் தேடினார்கள். எட்டில் மூவருக்குத்தான் உடனே அகப்பட்டது.

ஆகஸ்ட் 6, புதன்

பவானிப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி. ஜமக்காளத் தறியில் உட்கார்ந்தே வயதானவர். கீழே இடப்பக்கம் முதல் பெரிய கடைவாய்ப் பல் (எங்கள் கணக்கில் 36ஆம் பல்), மேல்பாகம் முழுக்கச் சொத்தை. ஒரு மாணவிக்குக் கொடுத்தேன். கை நடுங்கவில்லை, ஊசி போன கோணமும் சரியாகவே தெரிந்தது. மரத்துப்போக வைக்கும் மருந்து 2 சதவீத லிக்னோகெயின், அட்ரினலின் கலந்தது. ஐந்து நிமிடம் காத்திருந்து கேட்டாள்:

"பாட்டி, நம்ப்னஸ் இருக்கா?"

"இருக்குது சாமி."

பல்லை நெம்பும் எலிவேட்டரை ஈறில் வைத்தாள். பாட்டி போட்ட சத்தத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்தே விட்டார்.

நான் போய், "உங்களுக்கு இப்ப வாயில என்ன பண்ணுது?" என்றேன். "நாக்கு மதமதன்னு இருக்குதுங்." உதடு? "உதடு எப்பவும் போலத்தான்." அவ்வளவுதான் விஷயம். நாக்குக்குப் போகும் நரம்பு வழியிலேயே இருப்பதால் அது முதலில் மரத்துப்போகும். பல்லுக்குப் போகிற நரம்பு மரத்ததற்குச் சாட்சி கீழுதடுதான். நாக்கு மட்டும் போதாது.

மறுபடி ஊசி. சில நிமிடம் கழித்துப் பாட்டி உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "எம்பட உதடு மாதிரியே இல்லியே கண்ணு, வீங்கிப்போச்சா?" என்று கண்ணாடி கேட்டார். கொடுத்தோம். கன்னப்பக்க ஈறுக்குத் தனி ஊசி ஒன்று போட்ட பிறகு, பல் அதிகச் சிரமமில்லாமல் வந்துவிட்டது.

'நம்ப்னஸ்' என்றால் மரத்துப்போவது; அந்தச் சொல் பாட்டிக்குத் தெரியாது. ஆனால் டாக்டர் கேட்டால் 'ஆமாம்' சொல்ல வேண்டும் என்பது தெரியும். ஆமாம், இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்வியே இங்கே கேட்கக் கூடாது என்று எட்டுப் பேரிடமும் சொன்னேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மயங்கி விழுந்தது நோயாளி இல்லை, கூட நின்ற மாணவன். காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறான். படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தோம். வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்த நோயாளி கையாலேயே, எலுமிச்சையைப் பிழிந்து கொடுங்கள் என்று ஜாடை காட்டினார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

"வலிக்குதா?" இந்த ஒரு கேள்வியை நிறுத்த வைக்கப் படாத பாடு படுகிறேன். மருந்து வலியை எடுக்கும், அழுத்தத்தை முழுக்க எடுக்காது. பல்லைப் பிடித்து அசைக்கும்போது தாடையே கழன்று வருகிற மாதிரி இருக்கும். அப்போது போய் "வலிக்குதா?" என்றால் பயத்தில் இருப்பவர் "வலிக்குது" என்பார். உடனே இவர்கள் இன்னொரு ஊசி எடுக்கிறார்கள். "சுருக்குனு குத்துதா, இல்ல அமுக்குற மாதிரி இருக்கா?" என்று கேளுங்கள் என்றேன். ஆரம்பிக்கும் முன்பே, அமுக்குவது தெரியும் என்று சொல்லிவிட வேண்டும்.

நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஒரு லாரி ஓட்டுநரிடம் "ஒண்ணுமே தெரியாதுண்ணா" என்று வாக்குக் கொடுத்தேன். ஃபோர்செப்ஸை வைத்து ஒரு அசைப்புதான். என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "தெரியாதுன்னியேம்மா?" அப்புறம் பல்லைத் தொடவே விடவில்லை, என் சீனியர்தான் முடித்தார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

மேல் கடைவாய்ப் பல். நோயாளியின் மகன் தனியாகக் கூப்பிட்டு, "மேல் பல்லப் பிடுங்குனா கண்ணு போயிருமாங்க?" என்றார். நம் ஊரில் இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. நம் கோட்டாப் பையன் நரம்புகளின் படத்தைக் காகிதத்தில் வரைய ஆரம்பித்தான். தடுத்து, "யாருக்குப் போச்சு, கேளு" என்றேன். அவருடைய பெரியப்பாவுக்காம். பல் எடுத்தபோது வயது எழுபது. "அதுக்கு முன்னாடி பார்வை எப்படி?" என்று பையனே கேட்டான். "புரை இருந்துச்சுங்க" என்றார் மகன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அவரே போய் அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்தார்.

மாலையில் ரெக்கார்டுகளில் கையெழுத்துப் போட உட்கார்ந்தேன். பாட்டிக்குப் பல் எடுத்த மாணவியின் நோட்டில் எல்லாம் ஆங்கிலம். மயக்க மருந்து வேலை செய்ததற்கான அறிகுறி என்ற கட்டத்தில் மட்டும் தமிழில் எழுதியிருந்தாள்: 'எம்பட உதடு மாதிரியே இல்லியே கண்ணு.' வெளியிலிருந்து வரும் தேர்வாளர் இதைப் பார்த்து என்ன சொல்வாரோ. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.