'நான் எங்க மனே போராட்டம் செய்தன்?'

குருமண்வெளியில் பாதையேறி மண்டூர்ப் பக்கம் போன முதல் நாளே பதிவு பிழையாய்ப் போய்விட்டது. (வெளியூர் ஆட்களுக்கு: இங்கே பாதை என்றால் ரோட்டு இல்லை, மட்டக்களப்பு வாவியைக் கடக்கிற மிதவை.) ஊரில் மண்ணுக்கும் தண்ணீருக்கும் மரத்துக்குமாக முன்னுக்கு நின்ற பெண்களின் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்ய வேண்டும் என்று நானும் தோழியும் கிளம்பியிருந்தோம். கையில் இருபத்திரண்டு கேள்விகள். முதல் கேள்வி, "நீங்கள் எப்போது சூழல் செயற்பாட்டாளர் ஆனீர்கள்?"

முதலில் சந்தித்த அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "நான் எங்க மனே போராட்டம் செய்தன்? மண் ஏத்த வந்த மெசினுக்கு முன்னால போய் நிண்டன். அவ்வளவுதான்." மிச்சம் இருபத்தொரு கேள்விக்கும் ஓம், இல்லை, தெரியா. பத்து நிமிடத்தில் தேத்தண்ணி வந்துவிட்டது.

அடுத்த கிழமை கடதாசி இல்லாமல் போனோம். அவர் கிணற்றடியில் நின்றார். "இந்தத் தண்ணி எப்பவுமே இப்படித்தானா அம்மா?" என்று சும்மாதான் கேட்டேன். ஐம்பது நிமிடம் பேசினார். முந்தி அந்தத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டால் எப்படி இருக்கும், எந்த வருசம் உப்புக் கரிக்கத் தொடங்கியது, குடிதண்ணீர் எடுக்க எவ்வளவு தூரம் நடந்தார்கள், எல்லாம் வந்தது. ஆற்றில் மண்ணைத் தோண்டத் தோண்ட அடி தாழ்ந்துபோகும், கரை இடியும், உப்புத் தண்ணீர் உள்ளே ஏறும், பக்கத்துக் கிணறுகளின் நீர்மட்டம் இறங்கும். பாடப்புத்தகத்தில் படித்த இதையெல்லாம் அவர் வாளிக் கயிற்றின் நீளத்தை வைத்துச் சொன்னார். ஆம்பிளைகள் வட்டைக்கு (வயலுக்கு) போயிருந்த நேரம் பார்த்துத்தான் மெசின்கள் வருமாம். வீட்டில் நின்றது பெண்கள். அதனால் போய் நின்றதும் பெண்கள்.

வந்தவர்கள் அனுமதிப்பத்திரம் ஒன்றை நீட்டியிருக்கிறார்கள். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டப்படி மண் அகழ அனுமதி வேண்டும். ஆனால் அந்தப் பத்திரம் எந்த இடத்துக்கு என்று யார் பார்ப்பார்? பள்ளிக்கூடம் விட்டு வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னாராம். அதில் வேறு இடத்தின் பெயர் இருந்தது. கேள்வித்தாளோடு போயிருந்தால் இந்தக் கதை எனக்குக் கிடைத்திருக்காது. எந்தக் கேள்வியிலும் பத்து வயதுப் பிள்ளைக்கு இடமில்லை.

அதன் பிறகு எல்லாரிடமும் கிணறு, விறகு, மீன் என்றுதான் தொடங்கினோம். 2018இல் புல்லுமலைத் தண்ணீர்ப் போத்தல் தொழிற்சாலைக்கு எதிராக மட்டக்களப்பில் ஹர்த்தால் நடந்ததே, அதற்குப் போன ஒருவர்கூடக் கோடையில் தன் வளவுக் கிணறு வற்றிய கதையில்தான் தொடங்கினார்.

வருடங்கள்தான் பெரிய சிக்கல். "எப்ப?" என்று கேட்டால் "அப்ப" என்று பதில் வரும். தோழி ஒரு மட்டையில் கோடு கீறி, 1978 நவம்பர் 23 சூறாவளி, 1990 யுத்த இடம்பெயர்வு, 2004 டிசம்பர் 26 சுனாமி என்று மூன்று புள்ளி வைத்தாள். சூறாவளிக்கு முந்தியா, பிந்தியா? அப்போது மூத்த பிள்ளை கைக்குழந்தையா? இப்படிக் கேட்டால் இரண்டொரு வருட வித்தியாசத்தில் பிடித்துவிடலாம்.

கருவியைப் பற்றிச் சுருக்கமாக. கச்சான் காற்றுக் காலத்தில் முற்றத்தில் பதிவு செய்யவே வேண்டாம். எங்கள் முதல் மூன்று பதிவிலும் காற்றுத்தான் பேசுகிறது. மைக்கைச் சேலைத் தலைப்பில் குத்தினால் சரசரக்கும், கழுத்தோரம் சட்டையில் குத்துங்கள். எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பாக எடுங்கள். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், ஒற்றைத் தடம் என்றால் ஒரு மணித்தியாலம் ஏறக்குறைய 500 எம்பி வரும். அன்றிரவே இரண்டு இடத்தில் பிரதி எடுத்துவிடுங்கள்.

எழுத்தாக்குவதுதான் முறிய வைக்கும் வேலை. ஒரு மணி நேரப் பேச்சுக்கு எனக்கு ஒன்பது மணி நேரம் போனது. உதவிக்கு வந்த தம்பி ஒருவன் 'மறுகா' என்று வந்த இடமெல்லாம் 'பிறகு' என்றும், 'கண்ணா' என்பதைக் 'கண்டல்' என்றும் திருத்தி வைத்திருந்தான். நல்ல மனதோடுதான். ஆனால் அதைப் பேசிய பெத்தாவுக்கு (பாட்டிக்கு) கண்ணா வேறு, கிண்ணை வேறு, தில்லை வேறு; எல்லாம் வாவிக்கரைச் சேற்றில் வளரும் வெவ்வேறு மரங்கள். தில்லைப் பால் கண்ணில் பட்டால் பார்வை போகும் என்று கத்தியைப் பிடிக்கும் விதத்தோடு சொன்னவர் அவர். எல்லாவற்றையும் கண்டல் என்று ஒரே சொல்லில் போட்டால் அவருடைய அறிவில் பாதி போய்விடும். சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கரையோரங்களில் நட்ட கன்றுகளில் பெரும்பகுதி நிலைக்கவில்லை. அதற்கான காரணத்தை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "சேத்தைப் பாக்காம, தண்ணி ஏறி இறங்குறதப் பாக்காம குத்தினா நிக்குமா?" எல்லாத் திருத்தத்தையும் அழித்து, அவர் சொன்னபடியே திரும்ப எழுதினேன்.

சம்மதப் படிவம் தனிக் கதை. காணி, நிவாரணம், காணாமல் போனவர்கள் என்று எத்தனையோ கடதாசியில் கையெழுத்து வைத்துக் களைத்த ஆட்கள் இவர்கள். பேனையைக் கண்டதும் முகம் மாறிவிடும். நாங்கள் படிவத்தை மடித்து வைத்துவிட்டு, பதிவின் தொடக்கத்தில் வாயாலேயே மூன்று விசயம் கேட்டோம்: பெயர் போடலாமா, யார் கேட்கலாம், எப்போதிருந்து கேட்கலாம். பதிவு முடிந்து ஒரு கிழமை கழித்துத் திரும்பப் போய், போட்டுக் காட்டி, மறுபடியும் கேட்டோம். இரண்டாம் தடவை கேட்டது நல்லதாய்ப் போயிற்று. ஒருவர் ஓர் ஆளின் பெயரை வெட்டச் சொன்னார். வெட்டினோம்.

கிணற்றடி அம்மா முழுவதையும் கேட்டார். தன் குரலைக் கேட்டுச் சிரித்தார். பெயர் போடலாம், யாரும் கேட்கலாம் என்றார். மூன்றாவதுக்கு மட்டும் கொஞ்சம் யோசித்தார். "இளையவள்ட கலியாணம் முடியட்டும் மனே. மாப்பிளை வீட்டாக்கள் கேட்டா, மெசினுக்கு முன்னால போய் நிண்டவள்ட மகளாம் எண்டு கதைப்பாங்க."

பட்டியலில் 'வெளியிடும் திகதி' என்ற இடத்தில் அதை அப்படியே எழுதி வைத்திருக்கிறோம். கலியாணம் ஆவணியில். எங்கள் இரண்டு பேருக்கும் அட்டை வந்திருக்கிறது.