சாய்த்துக் கட்டிய கயிறு

ஒரு மாணவருக்கு விளையாட்டில் ஆர்வமே இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன், உடற்கல்வி வகுப்பில் அவர் உண்மையில் எவ்வளவு நேரம் விளையாடினார் என்பதைக் கவனிக்க வேண்டும். பள்ளிகளில் வழக்கமாக நடக்கும் உயரம் தாண்டும் பயிற்சியையே எடுத்துக்கொள்வோம். இருவர் கயிற்றைச் சமமாகப் பிடித்துக்கொள்ள, வகுப்பு முழுவதும் வரிசையாக வந்து தாண்டும். கயிற்றில் கால் பட்டவர் ஓரமாகப் போய் உட்கார வேண்டும். கயிறு ஏற ஏற, உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பவர்களின் எண்ணிக்கையும் ஏறும். இறுதியில், ஏற்கெனவே நன்றாகத் தாண்டத் தெரிந்த இரண்டு மூன்று பேருக்கே பயிற்சி முழுவதும் போய்ச் சேருகிறது. முதல் சுற்றிலேயே எல்லோர் முன்னிலையிலும் வெளியேறியவர், அடுத்த வாரம் வயிற்றுவலி என்று சொல்லி மரத்தடியில் உட்காருவதில் வியப்பில்லை.

உடற்கல்வி கற்பிக்கும் முறைகளைப் பற்றி 1966இல் நூல் எழுதிய மஸ்கா மாஸ்டன் இதற்குச் சொன்ன மாற்று மிக எளியது: கயிற்றைச் சாய்த்துப் பிடியுங்கள். ஒரு முனை தரையை ஒட்டியும் மறுமுனை மார்பளவிலும் இருந்தால், எந்த இடத்தில் தாண்டுவது என்பதை மாணவரே தேர்ந்துகொள்கிறார். யாரும் வெளியேற வேண்டியதில்லை. ஆசிரியர் கட்டளையிட மாணவர்கள் அப்படியே செய்யும் முறையில் தொடங்கி, மாஸ்டன் பின்னாளில் சாரா ஆஷ்வொர்த்துடன் சேர்ந்து வகுத்த 11 முறைகளில் இதுவும் ஒன்று.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் ஆகிய உளவியலாளர்கள் ஊக்கத்துக்கு அடிப்படையாகக் கூறும் மூன்று தேவைகள், தானே தேர்ந்தெடுக்கும் உரிமை, தன்னால் முடியும் என்ற உணர்வு, உடன் இருப்பவர்களோடு ஒட்டுதல் ஆகியவை. சாய்ந்த கயிறு முதல் இரண்டையும் நேரடியாகவே தந்துவிடுகிறது. மூன்றாவது, கேலியை ஆசிரியர் எப்படிக் கையாளுகிறார் என்பதைப் பொறுத்தது. தொடக்கத்தில் சிலர் பெருமைக்காக உயர்ந்த முனைக்கு ஓடி இடறுவார்கள். நன்றாகத் தாண்டக்கூடிய சிலர் தாழ்ந்த முனையிலேயே சோம்பித் திரிவார்கள். இரு சாராரையும் அதட்டுவதால் பயனில்லை என்பது என் கருத்து. "அடுத்து எந்த இடத்தில் தாண்டப் போகிறாய்?" என்ற கேள்வியே பெரும்பாலும் போதுமானது.

இதற்கு அயல்நாட்டு நூல்தான் வேண்டும் என்பதில்லை. கபடியின் பழைய வடிவங்களிலேயே இந்த வேறுபாடு இருக்கிறது. காமினி முறையில் வெளியேறியவர், அணி முழுவதும் வெளியேறும் வரை திரும்ப முடியாது. சஞ்சீவனியில் எதிரணியில் ஒருவர் வீழ்ந்தால் நம்மவர் ஒருவர் உயிர் பெறுவார். அமர் முறையில் தொடப்பட்டவர் வெளியேறுவதே இல்லை. எதிரணிக்குப் புள்ளி மட்டும் சேரும். போட்டிக்குச் சஞ்சீவனி பொருந்தலாம், ஆனால் ஆறாம் வகுப்புப் பாடவேளைக்கு அமர்தான் பொருத்தம். வாலிபாலிலும் அவ்வாறே, சர்வீஸ் போடுவதற்கு மூன்று தொலைவுகளில் சுண்ணாம்புக் கோடு இழுத்துவிட்டு, எந்தக் கோட்டில் நிற்பது என்பதை அவர்களிடமே விட்டுவிடலாம்.

கட்டளை முறையே கூடாது என்று நான் சொல்லவில்லை. குண்டு எறிதலிலும் ஈட்டி எறிதலிலும் விசில் ஒலிக்கும் முன் ஒருவரும் அசையக்கூடாது. அங்கே தேர்வுரிமை பேசுவது ஆபத்தானது. குறுவட்டப் போட்டிகள் நெருங்கும்போது ஆசிரியரின் கவனம் பள்ளி அணியின் பக்கமே திரும்புவதும் புரிந்துகொள்ளக் கூடியதே, ஏனெனில் தலைமையாசிரியர் கேட்பது பதக்கத்தைத்தான். ஆனால், தாமதமாக வந்தவரைத் தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓடவிடும் வழக்கத்துக்கு மட்டும் எந்த நியாயமும் இல்லை. ஓடுவதைத் தண்டனையாக்கிவிட்டு, அதையே விரும்பச் சொல்வது எப்படி?

அறுபது பேருக்கு ஒரு கயிறு போதாது என்பது உண்மை. நான்கு கயிறுகளை நான்கு மூலைகளில் வைத்து, கால் பட்டால் நழுவும்படி தளர்வாகப் பிடிக்கச் சொல்லி, பிடிப்பவர்களை அடிக்கடி மாற்றினால் காத்திருக்கும் நேரம் வெகுவாகக் குறையும். மதிப்பெண் ஏட்டிலும் தாண்டிய உயரத்தை மட்டும் எழுதாமல், பருவத் தொடக்கத்தில் கயிற்றின் எந்த இடத்தில் தாண்டினார், இப்போது எந்த இடத்தில் தாண்டுகிறார் என்று இரண்டையும் எழுதலாம்.