நாய் நிற்கும் தூரத்துக்கு ஒரு லென்ஸ்

தை

கேமரா கைக்கு வந்துவிட்டது. கேனான் 1500டி, ஏற்கெனவே ஒருவர் வைத்திருந்தது. கூடவே 18-55 மி.மீ. லென்ஸ்; இந்த எண் சிறிதானால் அகலமான காட்சி, பெரிதானால் தூரத்தில் இருப்பது கிட்டே தெரியும். ஒகேனக்கல்லையும் சையது பாஷா மலையையும் படம் எடுக்க இந்தப் பக்கம் ஆட்களுக்குக் குறைவில்லை. எனக்கு நாய்கள் போதும்.

சித்தப்பா மகன் கிருஷ்ணகிரியில் கல்யாண ஸ்டூடியோ நடத்துகிறார். "முதலில் ஒரு 50 வாங்கிவிடு தம்பி, எஃப்/1.8. பின்னணி அப்படியே கரைந்துபோகும்" என்றார். எஃப் எண் சிறிதானால் லென்ஸ் அகலமாகத் திறக்கும்; வெளிச்சம் கூடும், தெளிவாக விழும் ஆழம் குறையும். விசாரித்த இடமெல்லாம் இதே பதில்தான். மணமேடையில் நிற்பவர்களை எடுத்து எடுத்துப் பழகியவர்கள் சொல்லும் யோசனை இது என்று எனக்குள் ஒரு சந்தேகம். மாப்பிள்ளையிடம் "இரண்டடி பின்னால் நகருங்கள்" என்று சொல்லலாம். அவரும் நகர்வார்.

ஆகவே எதையும் வாங்காமல், இருக்கிற 18-55ஐ வைத்தே ஒரு கணக்குப் பார்த்தேன். எந்தப் படம் எத்தனை மி.மீட்டரில் எடுக்கப்பட்டது என்பது படக் கோப்பிலேயே பதிவாகியிருக்கும். கணினியில் அதன் விவரங்களைத் திறந்தால் தெரியும். எங்கள் வீட்டு நாய் செவலை, காவேரிப்பட்டணம் பக்கம் மாமாவின் மாந்தோப்பில் காவல் இருக்கும் இரண்டு நாய்கள், கிருஷ்ணகிரி அணைப் பூங்காவில் திரிகிற நாய்கள் என்று மாற்றி மாற்றி எடுத்துவிட்டுப் பிரித்துப் பார்த்தேன். எல்லாம் இரண்டே குவியலாக விழுந்தன. செவலையின் படங்கள் 18க்கும் 24க்கும் இடையில். மற்ற நாய்கள் அனைத்தும் 55இல், அதுவும் போதாமல். 35, 40, 45 என்ற நடுப்பகுதியில் அநேகமாக ஒன்றுமே இல்லை.

யோசித்தால் இதில் வியப்பில்லை. நம்மைத் தெரிந்த நாய், நாம் குனிந்தாலே மடியில் ஏறிவிடும். தெரியாத நாய் தனக்கென்று ஓர் எல்லை வைத்திருக்கிறது. அதற்குள் கால் வைத்தால் எழுந்து போகும், அல்லது உறுமும். கண்ணாடி வளையம் ஒன்றைத் தன்மேல் குறிபார்த்துப் பிடிப்பதை அது முறைப்பாகவே எடுத்துக்கொள்கிறது. முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும். அந்த நேரத்தில் இன்னோர் அடி முன்னால் வைப்பது வீண் வேலை. ஆக, தூரத்தை முடிவு செய்வது நாய். அந்தத் தூரத்துக்குப் பொருந்தும் லென்ஸைத்தான் நான் தேட வேண்டியிருக்கிறது.

மாசி

அண்ணன் விடவில்லை. தன் 50ஐக் கையில் திணித்து, "எடுத்துப் பார்த்துவிட்டுப் பேசு" என்றார். 2015இல் வெளியான எஸ்டிஎம் வகை (ஃபோகஸ் மோட்டாரின் பெயர் அது). 160 கிராம்தான், கேமராவில் மாட்டியதே தெரியவில்லை.

ஓசூரில் வேலை முடிந்து, பஸ் பிடித்து வீடு சேர்வதற்குள் வெயில் சாய்ந்துவிடும். அந்த மங்கலில் இந்த லென்ஸ் நன்றாகவே உழைக்கிறது. 18-55 லென்ஸ் 55இல் எஃப்/5.6க்கு மேல் திறக்காது, எஃப்/1.8 அதைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். திண்ணையில் படுத்திருக்கும் செவலையின் படங்கள் அழகாக வந்தன. அது படுத்திருந்த வரைக்கும்.

எழுந்தால்தான் சங்கடம். ஒரு மீட்டர் தூரத்தில் எஃப்/1.8 வைத்தால், முன்னும் பின்னுமாகத் தெளிவாக விழும் ஆழம் மொத்தமே சுமார் இரண்டரை சென்டிமீட்டர். செவலையின் மூக்கு நுனியிலிருந்து கண் வரை அளவுநாடா வைத்துப் பார்த்தேன், அதுவும் பொறுத்துக்கொண்டது. பத்து சென்டிமீட்டருக்குக் குறையவில்லை. கண் தெளிவாக இருந்தால் மூக்கு மங்கும். தலையைச் சற்று ஆட்டினால் இரண்டும் போயிற்று. எஃப்/4க்குக் குறைத்தால் ஆழம் ஆறு சென்டிமீட்டரை நெருங்குகிறது. முகத்துக்கு அது பரவாயில்லை. ஆனால் எஃப்/4இல்தான் எடுக்கப் போகிறேன் என்றால் 1.8க்கு எதற்குக் காசு?

இன்னொன்று, இந்த லென்ஸ் 35 சென்டிமீட்டருக்கு உள்ளே ஃபோகஸ் ஆகாது. செவலையின் கணக்கில் 35 சென்டிமீட்டர் என்பது அடுத்த ஊர். பூங்கா நாய்களுக்கோ 50 எட்டவே இல்லை. என் இரண்டு குவியல்களுக்கும் நடுவில், நாயே நிற்காத இடத்தில் போய் இது உட்கார்ந்துகொள்கிறது. "உட்கார்" என்றால் உட்கார்ந்து, "இரு" என்றால் இருக்கும் நாய் வைத்திருப்பவர்கள் தாராளமாக இதையே முதலில் வாங்கலாம். அப்படிப்பட்ட நாய் எங்கள் தெருவில் இல்லை.

பங்குனி, சித்திரை

நீள லென்ஸ். என்னுடையதைப் போன்ற கேனான் டிஎஸ்எல்ஆர் கேமராவுக்குக் குறைந்த விலையில் தேடினால் இரண்டு பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன: 75-300, 55-250 எஸ்டிஎம். முதலாவதில் எண் பெரிது, விலையும் குறைவு; அதனால் பலர் அதையே எடுக்கிறார்கள். ஆனால் இப்போது விற்கும் 75-300இல் கை நடுக்கத்தைச் சமன் செய்யும் ஐஎஸ் வசதி இல்லை. 55-250இல் இருக்கிறது. எடையும் 375 கிராம்தான்.

ஐஎஸ் ஓடுகிற நாயை நிறுத்தாது. நம் கையைத்தான் நிறுத்தும். இதைப் புரிந்துகொள்ளாமல் வாங்கினால் ஏமாற்றம். மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் நாய், 1/250 வினாடிக்குள் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். கால்கள் உடலைவிட வேகம். ஷட்டர் வேகம் 1/1000 வினாடிக்குக் கீழே இறங்காமல் இருப்பது ஒன்றே வழி. அப்படியானால் ஐஎஸ் எதற்கு? நின்றபடி நம்மை நோட்டம் விடும் நாய்க்கு. தெருநாய்களின் நல்ல படங்களில் பாதி அந்தப் பார்வையில்தான் இருக்கிறது.

வாங்கும் முன் பெங்களூருவில் 55-250ஐ வாடகைக்கு எடுத்தேன். ராயக்கோட்டை சாலையோரம் அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக் கிடை போட்டிருந்தார்கள். காவலுக்கு ஒரு சாம்பல் நிற நாய். "அங்கேயே நில்லுங்கள் சார், ஆட்டுப் பக்கம் வந்தால் இவன் விடமாட்டான்" என்றார் ஆட்டுக்காரப் பெரியவர். நின்றேன். பத்து மீட்டர் இருக்கும். அந்தத் தூரத்தில் 250 மி.மீ. வைத்தால் படச் சட்டத்துக்குள் வருவது ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் அகலம். ஒரு நாட்டு நாய்க்கு அளவெடுத்ததுபோல் பொருந்துகிறது. எஃப்/5.6இல் தெளிவின் ஆழம் ஓர் அடிக்குச் சற்று மேல். பக்கவாட்டில் நின்ற நாய் முழுவதும் தெளிவாக விழுந்தது. தூரத்துப் பனைமரங்கள் கரைந்தே போயிருந்தன. பின்னணி மங்குவதற்கு 1.8 வேண்டும் என்பவர்களுக்கு இந்தப் படத்தைக் காட்டுவேன். அண்ணனுக்குக் காட்டினேன். "ம்" என்றார்.

இதைத்தான் பழையதாக வாங்கினேன். வாங்கும்போது செல்போன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பார்த்தேன். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் அது பூஞ்சை, கை வைக்கக் கூடாது. 55இலிருந்து 250 வரை திருகும்போது எங்காவது இறுக்கம் இருக்கிறதா, வளையத்தில் உள்ள பித்தளை நிறத் தொடுமுனைகள் சுத்தமா, எல்லா நீளத்திலும் ஃபோகஸ் பிடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆர்எஃப் என்று எழுதிய லென்ஸ்கள், உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களுக்கானவை. நம் கேமராவில் மாட்டவே மாட்டா. இஎஃப், இஎஃப்-எஸ் என்று எழுதியவை இரண்டும் பொருந்தும்.

ஆனி

தோப்பில் பெங்களூரா மாங்காய் இறங்குகிறது. மாங்கூழ் ஆலைக்குப் போகும் வண்டிகளைத் துரத்துவது தோப்பு நாய்களில் ஒன்றான கறுப்பனுக்கு முழுநேர வேலையாகிவிட்டது, எனக்கும் அதை வைத்துப் பழக வாய்ப்பு.

1500டி வினாடிக்கு 3 படங்கள் எடுக்கும். கறுப்பன் ஓடும் வேகத்தில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் கிட்டத்தட்ட மூன்று மீட்டர் கடந்துவிடுகிறது. பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பதால் பயனில்லை. வண்டித்தடம் திரும்பும் இடத்தில் காத்திருந்து, அது குறுக்கே வரும்போது ஒரு படம். ஃபோகஸை ஏஐ சர்வோவில் வைத்தால் நாய் நகர நகரக் கேமரா பின்தொடரும். ஒன்பது ஃபோகஸ் புள்ளிகளில் நடுப்புள்ளி ஒன்றுதான் குறுக்கு வகை, அதாவது கிடைக்கோடு, நெடுக்கோடு இரண்டையும் பிடிப்பது; அதை மட்டும் நம்புகிறேன். நாய் நடுவில் விழுந்துவிடும், பரவாயில்லை. 24 மெகாபிக்சல் இருக்கிறது, பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

இந்தக் கேமராவின் திரை மடங்காது. திரையைப் பார்த்து எடுக்கும்போது ஃபோகஸும் மெதுவாகத்தான் பிடிக்கும், ஓடும் நாய்க்கு ஈடு கொடுக்காது. எனவே நாயின் கண் மட்டத்துக்கு வர வேண்டுமென்றால் மண்ணில் குப்புறப் படுத்து, கண்ணைக் கேமராவின் நோக்குத் துளையில் வைத்தே ஆக வேண்டும். மாமா இதைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளைக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே?" என்று வேலையாட்களிடம் கேட்டிருக்கிறார்.

கறுப்பு நாய்க்குக் கேமராவின் வெளிச்சக் கணக்கு தவறும். படச் சட்டம் நிறையக் கறுப்பு இருந்தால் இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், கறுப்பன் சாம்பலாகிவிடும். கேமராவின் வெளிச்சத் திருத்த அளவைக் கழித்தல் பக்கம் ஒன்று வரை இறக்கி வைக்கிறேன். வெள்ளை ராஜபாளையத்துக்கு நேர்மாறாகக் கூட்ட வேண்டும்.

அடுத்து, செவலைக்கு 24 மி.மீ. எஃப்/2.8 எஸ்டிஎம். 125 கிராம், 16 சென்டிமீட்டர் வரை நெருங்கலாம், அதாவது அது மூக்கால் முட்டுவதற்குச் சற்று முன்பு வரை. 18-55ஐவிட 24இல் ஏறக்குறைய ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு, வெளிச்சம்தான் கூடுதல் என்பதால் அவசரப்படவில்லை. ஓசூரில் ஒருவர் பழையது விற்கிறார், விலை கொஞ்சம் அதிகம். தீபாவளி போனஸ் வரும்வரை யாரும் வாங்காமல் இருந்தால் பேசிப் பார்ப்பேன்.