ரியாத்தில் பிறைக் கணக்கு

எங்கள் ஊர் கீழக்கரையில் ஹிஜ்ரி தேதி, அதாவது பிறையை வைத்து ஓடும் இஸ்லாமிய நாட்காட்டித் தேதி, பள்ளிவாசல் சமாச்சாரம். நோன்பு, பெருநாள், அதோடு சரி. 2014-ல் ரியாத்துக்கு வேலைக்கு வந்தால், அதே தேதி ஆபீஸ் மேஜைமேல் உட்கார்ந்திருந்தது. இகாமா என்கிற குடியிருப்பு அனுமதி முடியும் நாள் ஹிஜ்ரியில். அரசாங்கக் கடிதங்களும் அப்படியே. தேதி பக்கத்தில் குட்டியாக 'ஹா' போட்டிருந்தால் ஹிஜ்ரி, 'மீம்' என்றால் இங்கிலீஷ் தேதி. ரூமில் இருந்த பழைய ஆட்கள் எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்.

ஹிஜ்ரி வருடத்துக்கு 354 அல்லது 355 நாள்தான். அப்போதெல்லாம் ஒரு வருட இகாமா பத்துப் பதினோரு நாள் முன்னாடியே தீர்ந்துவிடும். அரசு ஊழியர் சம்பளம்கூட 2016 அக்டோபரில்தான் இங்கிலீஷ் மாதத்துக்கு மாறியது. அதுவரை கிடைத்த அந்தப் பதினோரு நாள் லாபம் போனதில், எங்கள் ஆபீஸுக்கு வந்துபோகும் ஒரு சவூதிப் பெரியவருக்கு இன்னும் ஆற்றாமை. அவர் அட்டையில் பிறந்த நாள் ஹிஜ்ரி ரஜப் மாதம் 1. தம்பிக்கும் ரஜப் 1. அந்தக் காலத்தில் பிறந்த தேதி பதியாதவர்களுக்கெல்லாம் மொத்தமாகப் போட்டுக்கொடுத்த நாள் அது. "எங்க தலைமுறைக்கே ஒரே நாள்தான் பிரசவம்" என்று சிரிப்பார். 2023 நவம்பரில் அரசு நடைமுறைகளின் காலக்கெடுவையும் இங்கிலீஷ் தேதிக்கு மாற்ற அமைச்சரவை முடிவெடுத்தபோது மனிதர் சிரிக்கவில்லை.

இத்தனைக்கும் ஹிஜ்ரி வருடப் பிறப்பான முஹர்ரம் 1-க்கு இங்கே லீவு கிடையாது. அமீரகத்தில் உண்டு, மலேசியாவில் உண்டு. 1446 பிறந்த 2024 ஜூலை 7 ஞாயிற்றுக்கிழமை. இங்கே வாரத்தின் முதல் வேலை நாள். முந்தின நாள் மஃக்ரிபோடு, சூரியன் மறைந்ததுமே, வருடம் மாறிவிட்டது, தெருவில் ஒரு சலசலப்பும் இல்லை. எனக்கென்னவோ அது பிடித்திருந்தது.

உம்மா போனில் கேட்டது: "உங்களுக்குப் பிறை ஒண்ணாயிடுச்சா வாப்பா? இங்க நாளைக்குத்தான்." இங்கே உம்முல் குரா என்கிற சவூதி அரசு நாட்காட்டியில் முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள், ரமலான், ஷவ்வால், துல்ஹஜ் மாதங்களுக்குத்தான் கண்ணால் பார்த்த சாட்சி தேடுவார்கள். ஊரில் எல்லா மாதமும் பிறை பார்த்து, தலைமை காஜி அறிவிக்க வேண்டும். முஹர்ரம் பத்தாம் நாள் ஆஷூரா நோன்பு எனக்குச் செவ்வாய், உம்மாவுக்குப் புதன்.

எனக்கு இந்தக் கணக்கில் ஒரு சுயநலமும் உண்டு. ஹஜ்ஜுப் பெருநாள் லீவோடு சேர்த்துத்தான் ஊருக்குப் போவேன். 2018, 2019-ல் அது ஆகஸ்டில் வந்தது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். வருடா வருடம் முன்னாடி நகர்ந்து, 2026-ல் கணக்குப்படி மே கடைசி வாரம். ஊரில் பள்ளிக்கூடம் திறந்திருக்காது, மாம்பழமும் முடிந்திருக்காது. லீவு இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டேன்.