பர்னர் பற்றாதபோது முதலில் செய்ய வேண்டியது

காக்கி புக்கிட்டில் உள்ள எங்கள் பணிமனைக்கு வரும் உறவினர்கள், கார்களுக்குச் சாயம் அடிக்கும் அறையின் பின்புறம் டீசலில் எரியும் சூடேற்றி ஒன்று நிற்பதைக் கண்டு, ஆண்டு முழுவதும் வேர்க்கும் சிங்கப்பூரில் இது எதற்கு என்று கேட்பதுண்டு. கடினமாக்கி கலந்த சாயம் வெறும் காற்றிலும் உலரும். ஆனால் அதற்கு ஓர் இரவு பிடிக்கும், அதற்குள் தூசியும் ஒட்டும். கதவுத் தகடு 60 டிகிரி செல்சியஸை எட்டி அரை மணி நேரம் அந்தச் சூட்டிலேயே நின்றால், வண்டியை அன்றே மெருகேற்ற எடுத்துவிடலாம். ஆகவே சூடேற்றியில் டீசலை எரிக்கும் பர்னர் நின்றால் எங்கள் வேலையும் நிற்கும்.

சென்ற மாதம் மழை விட்ட ஒரு பிற்பகலில் அப்படித்தான் நின்றது. எங்களிடம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஓடி வந்து, "அண்ணே, அஞ்சு தடவை ரீசெட் அமுக்கிட்டேன். பிடிக்குது, உடனே அணைஞ்சிடுது" என்றார். "இனிமே தொடாதீங்க தம்பி, முதல்ல மெயினை அணைங்க" என்றேன்.

நான் பதறியதற்குக் காரணம் உண்டு. பர்னரை இயக்கியதும் மோட்டார் சுற்றி, காற்றாடி எரியறையில் தேங்கிய ஆவியைச் சில நொடிகள் வெளியே தள்ளும். பிறகு வால்வு திறந்து, நாசிலின் வழியே டீசல் பனிபோலப் பீறிட, எலக்ட்ரோடுகளின் நுனியில் பொறி பறக்கும். அடுத்த சில நொடிகளுக்குள், ஒளியை உணரும் கண்ணான ஃபோட்டோசெல் சுடரின் ஒளியைக் காணாவிட்டால், கட்டுப்பாட்டுப் பெட்டி எல்லாவற்றையும் நிறுத்திச் சிவப்பு விளக்கை ஏற்றிவிடும். ஒவ்வொரு முறை ரீசெட் பொத்தானை அழுத்தும்போதும் எரியாத டீசல் எரியறையின் அடியில் சேர்கிறது. சூடான சுவரில் அது ஆவியாகிக் காத்திருந்து, கடைசியில் ஒரு முறை தீப்பற்றும்போது மொத்தமாக எரிந்து எரியறையின் கதவையே பெயர்த்தெறியக்கூடும். நாங்கள் மூடியைத் திறந்தபோது எரியறையின் அடித்தகடு ஈரத்தில் பளபளத்தது. துணியால் ஒற்றி எடுத்து, ஆவி முழுவதும் வெளியேறும்வரை காத்திருந்த பின்னரே மற்றதைப் பார்த்தோம்.

பழுது எங்கே என்பதை, பர்னர் எந்தக் கட்டத்தில் நின்றது என்பதே பெரும்பாலும் சொல்லிவிடும். மோட்டார் சுற்றவே இல்லையென்றால் மின்சாரத்தையும் தெர்மோஸ்டாட்டையும் பார்க்க வேண்டும். சுற்றியும் பொறி இல்லையென்றால் மின்மாற்றியையும் எலக்ட்ரோடையும், பொறி இருந்தும் டீசல் வரவில்லையென்றால் வால்வையும் வடிகட்டியையும் பார்க்க வேண்டும். எங்களுடையது பற்றிவிட்டு அணைந்தது. அப்படியானால் சுடரை ஃபோட்டோசெல் காணவில்லை, அல்லது சுடருக்குத் தீனி தொடர்ந்து வரவில்லை.

எளிதானதை முதலில் பார்த்தோம். ஃபோட்டோசெல்லின் கண்ணாடியில் சாயத் தூசி மெல்லிய படலமாகப் படிந்திருந்தது. துடைத்து, மீட்டரில் இணைத்துக் கையால் மூடியபோது மின்தடை ஏறியது. வெளிச்சத்தில் காட்டியபோது சரியாகவே இறங்கியது. நாசிலைப் புதிதாக மாற்றினோம். பழையதைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்வோரைப் பார்த்திருக்கிறேன். அந்த நுண்துளை சிறிது விரிந்தாலும் தெளிப்பின் வடிவம் கெட்டுவிடும் என்பதால் நான் அதை ஒருபோதும் அனுமதிப்பதில்லை. எலக்ட்ரோடு நுனிகளின் இடைவெளியைத் தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள அளவுக்கே சரிசெய்தோம். அங்கே வரும் மின்னழுத்தம் 10,000 வோல்ட்டை ஒட்டியது. மெயினை அணைக்காமல் அருகில் கை போகக் கூடாது.

மீண்டும் இயக்கியபோது பற்றியது, அணைந்தது. ஆனால் இம்முறை பம்பில் அழுத்தமானியைப் பொருத்தியிருந்ததால், முள் ஓரிடத்தில் நிற்காமல் நடுங்குவதைக் கண்டோம். அழுத்தம் நிலையாக இல்லையென்றால் டீசலுடன் வேறு ஏதோ வருகிறது என்று பொருள். உறிஞ்சு குழாயின் இணைப்பு தளர்ந்தாலும் இப்படி நடக்கும்; அந்தப் பக்கம் பம்பு இழுக்கும் பக்கமாதலால், டீசல் வெளியே சொட்டாமல் காற்றுதான் உள்ளே போகும். எனவே தரையில் ஈரம் இல்லை என்பதை வைத்துக் கசிவில்லை என்று முடிவுகட்டக் கூடாது. எல்லா இணைப்புகளையும் இறுக்கிப் பார்த்தும் முள் நிற்கவில்லை.

பிறகு வடிகட்டியின் அடித்திருகைத் தளர்த்தி, ஒரு கண்ணாடிக் குடுவையில் பிடித்தோம். இரண்டு நிமிடங்களில் அது தெளிந்து இரண்டாகப் பிரிந்தது: மேலே மஞ்சள் டீசல், அடியில் இரண்டு விரற்கடை தண்ணீர், இரண்டும் சந்திக்கும் கோட்டில் பழுப்பு நிறத்தில் வழுவழுப்பான படலம். டீசலில் தண்ணீர் தேங்கினால் நுண்ணுயிர்கள் வளர்ந்து அப்படித்தான் பாசி கட்டும். தம்பி குடுவையை வெளிச்சத்தில் தூக்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் வந்த வழி தொட்டியின் மூடியில் இருந்தது. அதன் ரப்பர் வளையம் வெயிலில் வெடித்திருந்தது. நேர் மேலே கூரையின் மழைநீர்க் குழாய் ஒழுகியது. பாதி காலியான தொட்டியில் இரவு ஈரக்காற்று குளிர்ந்து தண்ணீராகும் என்பதும் இங்கே சிறிய விஷயமல்ல. தொட்டியை அடிவரை வடித்து, வடிகட்டியையும் வளையத்தையும் மாற்றி, குழாயில் இருந்த காற்றை வெளியேற்றிய பின், ஒரே முயற்சியில் சுடர் பிடித்து அசையாமல் நின்றது. வடித்த கழிவைச் சாக்கடையில் ஊற்றாமல், உரிமம் பெற்ற கழிவு நிறுவனத்திடம் ஒப்படைத்தோம்.

இப்போது திங்கட்கிழமை காலைதோறும் தம்பி அதே குடுவையில் வடிகட்டியின் அடியிலிருந்து சிறிது பிடித்துப் பார்க்கிறார். மூன்று வாரங்களாக அதில் டீசல் மட்டுமே இறங்குகிறது.