நொய்யலுக்கு நிறம் அல்ல, உப்புக் கணக்குதான் சாட்சி

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடாதவர்கள்தான் மறுபடி ஓட்டலாம் என்றானது. அந்த விதி வேலை செய்கிறதா என்பதை நொய்யல் ஆற்றின் நிறம் சொல்லாது. குளோரின் போட்டால் சாயம் வெளுத்துவிடும், சாயம் துணியில் ஏறப் போட்ட உப்பு அப்படியே இருக்கும்.

அளக்க வேண்டியது டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு. கழிவுநீருக்கான பொதுவான வெளியேற்ற வரம்பு லிட்டருக்கு 2100 மில்லிகிராம். ஆறு ஊருக்குள் நுழையும் முன்பும் ஊரைத் தாண்டிய பின்பும் ஒரே நாளில் தண்ணீர் எடுக்கணும், அதுவும் கோடையில். மழைக்காலத்தில் எடுத்தால் வெள்ளம் கலந்து அளவு தானாகக் குறையும். அதைச் சாதனை என்று எழுதிவிடுவார்கள்.

அதைவிட நம்பகமானது உப்புக் கணக்கு. பட்டறைகள் வாங்கிய உப்பு எவ்வளவு? ஆர்.ஓ. (சவ்வு வடிகட்டி), எவாப்பரேட்டர் (கழிவுநீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்கும் கருவி) தாண்டி மீண்டது எவ்வளவு? கிடங்கில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும், மறுபடி பயன்படாத கலப்பு உப்பு எவ்வளவு? துண்டு பெரிதாக விழுந்தால் எங்கோ கசிகிறது. செலவு அதிகம் என்பதால் முதலில் நிறுத்தப்படுவது எவாப்பரேட்டர்தான். அது ஓடக் கொதிகலன் நீராவி வேண்டும், ஆகவே கொதிகலன் விறகு ரசீதையும் கட்டாயம் கேளுங்கள்.

கிணற்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். பழைய உப்பு நிலத்தடியில் பல வருடம் தங்கும். ஒரே கிணற்றை வருடா வருடம் அளந்தால்தான் போக்கு தெரியும்.